இரண்டு சீட்டு வண்டியும் என் இடது முட்டும்

மக்களே, நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசும்போது அந்தச் சிவப்பு வண்டியைச் சொல்லி இன்னும் சண்டை போடுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அப்பாவின் முழங்கால் முட்டு வலிக்காகத்தான் வண்டி மாறியது என்கிறாள் மகள். அக்கா நச்சரித்ததால்தான் அப்பா விட்டுக்கொடுத்தார் என்கிறான் மகன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நீங்கள் படித்ததெல்லாம் மலையாளமும் இங்கிலீஷும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். நானும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நிறுத்தினவன். பெரிய வார்த்தை எனக்கும் வராது, உங்களுக்கும் வேண்டாம்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். சாலை பஜாரில் நம்முடையது போல்ட், நட்டு, வாஷர் விற்கிற கடை. பக்கத்துக் கடைகள் எல்லாம் மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மாறிய பிறகும், நான் பழைய இஞ்ச் மரைப் போல்ட்டுகளைத் தூக்கி எறியவில்லை. தகர டின்களில் போட்டு மேல் தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். எறிய மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஒரு நாள் கவடியார் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டையில் சுற்றி, தன் வண்டியின் உடைந்த போல்ட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஊரெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாராம். மேல் தட்டு டின்னில் அதே போல்ட் இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவையாவது வருவார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போய் வண்டியைக் காட்டினார். வெளிநாட்டில் மகளோடு தங்கப் போகிற சமயத்தில், போல்ட் உன் கடையில்தான் கிடைக்கிறது, வண்டியும் அங்கேயே நிற்கட்டும் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். என்னால் கொடுக்க முடிகிற விலையைத்தான் கேட்டார். உங்கள் அம்மாவிடம் கேட்காமல் சரி சொன்ன ஒரே காரியம் அதுதான்.

இங்கிலீஷ்காரன் செய்த பந்தயக் கார். இரண்டே சீட்டு. கூரை துணி, பின்னால் மடித்து வைக்கலாம். உட்கார்ந்தால் ரோடு கைக்கு எட்டும். கரமனைப் பாலத்தில் போகும்போது பஸ்ஸின் சக்கரம் நம் காதுக்கு நேரே சுற்றும். நாம் நான்கு பேர், சீட்டு இரண்டு. வீட்டில் எப்போதும் யாரோ ஒருவருக்கு முகம் தூக்கித்தான் இருக்கும். அது உங்களுக்கே தெரியும்.

ஆனால் நம் வீட்டைவிட அந்த வண்டியை அதிகம் உபயோகித்தது அக்ரகாரத்துத் தெருதான். நாம் குடியிருப்பது அக்ரகாரத்தை ஒட்டிய சந்து. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம் உண்டு. மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டு போட்டு, மாலை போட்டு, கோயிலிலிருந்து மண்டபம் வரை திறந்த காரில் உட்காரவைத்து மேளதாளத்தோடு அழைத்து வருவார்கள். திறந்த கார் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? வாடகைக்கு எடுத்தால் முன்னாலும் பின்னாலும் பிளாஸ்டிக் அன்னப்பட்சி கட்டின வண்டி வரும். நம் வண்டி சந்திலேயே நின்றது. முதலில் ஒரு வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். போனேன். அதன் பிறகு தெருவில் கல்யாணம் நிச்சயமானால் பெண் வீட்டார் மண்டபத்தையும் என்னையும் ஒன்றாகக் கேட்பது என்று ஆகிவிட்டது. நான் வாடகை வாங்கினதில்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு வேட்டி, அவ்வளவுதான். பீரோவில் அம்மா அடுக்கி வைத்திருக்கும் வேட்டிகள் அந்த வகை.

ஜானவாசத்துக்கு அந்த வண்டி பொருந்தினது ஒரே காரணத்தால்தான். கூரையை மடித்துவிட்டால் பின்பக்கத்தில் ஒரு மேடு கிடைக்கும். மாப்பிள்ளை அதன் மேல் உட்கார்ந்து, காலைச் சீட்டில் வைத்துக்கொண்டால் தெருவில் எல்லாருக்கும் மேலே தெரிவார். வேகத்துக்கென்று செய்த வண்டி, நம்மிடம் வந்து நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில்தான் வாழ்க்கையைக் கழித்தது. அப்படி ஓட்டுவது லேசான வேலை இல்லை. முதல் கியரில் விட்டால் மேளக்காரர் முதுகில் போய் இடிக்கும். கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கிளட்ச் நெல் மூட்டையைக் காலால் தள்ளுவது மாதிரி இருக்கும். ஊர்வலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். நான் எத்தனையோ ஜானவாசம் ஓட்டியிருக்கிறேன். ஒரு மாப்பிள்ளை முகமும் எனக்கு ஞாபகமில்லை. இஞ்சின் சூட்டு முள் எங்கே நிற்கிறது, முன்னால் போகிறவரின் குதிகால் எங்கே இருக்கிறது, இந்த இரண்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

இடது முட்டு தேய்ந்தது அதனால் மட்டும் என்று சொல்ல முடியாது. கடையில் ஏணி ஏறி இறங்கினதும் சேர்ந்திருக்கும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கிளட்சை விட வேண்டும், இல்லையென்றால் வண்டி ஓட்டுவதையே விட வேண்டும் என்றார். ஆபரேஷன் இப்போது தேவையில்லை, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் தேவைப்படும் என்றும் சொன்னார்.

எனக்கு எதைப் பற்றிக் கவலை என்பதை இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். அந்த வண்டி போய்விடுமே என்று நான் பயப்படவில்லை. ஓட்டுவது போய்விடுமே என்றுதான் பயந்தேன். கடையில் நாள் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முக்கால் இஞ்ச், அரை இஞ்ச், ஸ்க்ரூ, ஆணி. வீட்டுக்கு வந்தால் வீட்டில் கேட்பார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம். ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து போகிற ஆளாக மாறுவதை நினைத்தால் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒன்றும் கேவலமில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மகளே, அந்த நேரத்தில்தான் கழக்கூட்டத்தில் உன்னோடு வேலை பார்த்தவர் ஊரைவிட்டுப் போகிறார், அவருடைய வண்டி விற்பனைக்கு இருக்கிறது என்று நீ வந்து சொன்னாய். அதுவும் இரண்டு சீட்டு. பந்தய வண்டி மாதிரிதான் இருந்தது, ஆனால் புதிய காலத்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். பட்டனை அமுக்கினால் இரும்புக் கூரை மடிந்து பின்னால் டிக்கிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அவர் சாவியைக் கொடுத்தனுப்பினார். நம் ஷெட்டில் ஒரு வண்டிதான் நிற்கும். புதியது வந்தால் பழையது போக வேண்டும். அந்த ஒரு வாரம் பழையது ஷெட்டிலும் புதியது சந்திலும் நின்றன. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மகனே, நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய்.

"அப்பா, அத விக்கண்டா, கேட்டோ. நான் வந்து ஓட்டிக்கிடுவேன்."

வருஷத்தில் எத்தனை நாள் வருவாய் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அம்மா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எந்த வண்டி வேணும்னாலும் நிக்கட்டும். ராத்திரி முட்டுக்கு எண்ண தேய்க்கியது நானாக்கும்."

அடுத்த நாளே அக்ரகாரத்து மூன்றாவது வீட்டுக்காரர் வந்தார். அக்கவுண்ட்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இளைய பெண்ணுக்குக் கல்யாணம், அந்த வாரக் கடைசியில்.

"அண்ணாச்சி, ஒரு கார்யம் கேக்கணும். மாட்டேன்னு சொல்லப்படாது."

எதைக் கேட்கப் போகிறார் என்று தெரியும். மாதக் கணக்கில் முன்பே பேசினதுதான், மரியாதைக்கு மறுபடியும் கேட்க வந்திருக்கிறார். என் முட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பழைய வண்டியை எடுத்துக் கோயில் பக்கத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். சும்மா ஓட்டினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கிளட்சைப் பாதியில் பிடித்து மெதுவாக விட்டுப் பார்த்தேன். கோயில் குளத்தைத் தாண்டுவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்தது. கால் என் சொல் கேட்காமல் நழுவியது, வண்டி துள்ளி நின்றது. நான் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். வலியை நான் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பின் மேட்டில் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது வண்டி இப்படித் துள்ளினால், அவர் மேளக்காரர் மேல் போய் விழுவார். வேறு யாரிடமாவது கொடுத்து ஓட்டச் சொல்லலாம் என்றால், அந்த முதல் கியர் புது ஆளுக்கு அவ்வளவு சீக்கிரம் விழாது. நாலு நாளில் யாரையும் பழக்க முடியாது.

அதனால் புதிய வண்டியைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். மகளே, வண்டியின் சொந்தக்காரரிடம் உன் மூலம் அனுமதி கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஒன்றே ஒன்று சொன்னார், டிக்கி மூடி மேல் மட்டும் யாரும் உட்காரக்கூடாது, கூரையின் மெஷின் முழுக்க அதற்கு அடியில் இருக்கிறது என்று. நான் அதைக் காதில் வாங்கினேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் கேட்டதும் ஒரே கேள்விதான்: "மேல திறக்குமோல்லியோ?" திறக்கும் என்றேன். அவருக்கு அது போதும், எனக்கும் அது போதும் என்று நினைத்தேன்.

கோயில் வாசலில்தான் விஷயம் தெரிந்தது. மாப்பிள்ளை கோட்டு, மாலை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து வண்டியின் பின்னால் ஏறப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை வேறு எங்கே உட்காருவது? சீட்டில்தான். சீட்டோ குழி மாதிரி ஆழம். உட்கார்ந்ததும் ஆள் உள்ளே இறங்கிப் போனார். வெளியே தெரிந்தது மாலையின் மேல் பாதியும் நெற்றியும்தான். அடியில் இரண்டு தலையணை வைத்துப் பார்த்தார்கள். கண் வரைக்கும் தெரிந்தது. பெல்ட் போடவில்லை என்று வண்டி டிங் டிங் என்று அடித்தது. மாலைக்கு மேல் பெல்ட் போட முடியாது. மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் பெல்ட்டை அவர் முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டினார்.

மேளம் தொடங்கியது. வண்டியை விட்டேன். உடனே அது வேறு ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. ஆள் யாராவது பக்கத்தில் வந்தால் இடிக்காமலிருக்க எச்சரிக்கை செய்கிற வண்டி அது. ஜானவாசத்தில் ஆள் பக்கத்தில் வராமல் எப்படி இருப்பார்கள்? முன்னால் மேளம், இரண்டு பக்கமும் விளக்குக்காரர்கள், பின்னால் சொந்தக்காரர்கள். வண்டி பீப் பீப் என்று விடாமல் கூவியது. நாதஸ்வரக்காரர் நாகர்கோவில்காரர், எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரு உருப்படியை முடித்துவிட்டுத் திரும்பி வந்து குனிந்து சொன்னார்.

"அண்ணாச்சி, வண்டியும் தாளம் போடுது. நம்ம தாளம் இல்ல, அதான் பெரச்சன."

மகளே, அதை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது என்று நீ ஜானவாசம் முடிந்து மறுநாள் சொன்னாய். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பிறகு என் இடது கால். அதற்கு இந்த வண்டியில் வேலையே இல்லை. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? முதல் திருப்பத்தில் தன்னால் எழுந்து கிளட்ச் என்று நினைத்து அழுத்தி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி அப்படியே நட்டுக்க நின்றது. மாப்பிள்ளை தலையணையோடு முன்னால் வந்து, மாலையிலிருந்து அரைப்படி ரோஜா இதழ் கண்ணாடியடியில் கொட்டியது. மன்னிப்புக் கேட்டேன். மாலையைச் சரி செய்துகொண்டு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அங்கிள், இது உங்க வண்டிதானே?"

"இன்னும் இல்ல தம்பி."

அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் இடது செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பிட உட்காருகிற மாதிரி அந்தக் காலை மடித்துச் சீட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. பிரேக்கைக் கொஞ்சம் விட்டால் வண்டி தானே ஊர்ந்தது, அழுத்தினால் நின்றது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. செய்வதற்கு எனக்கு வேலை எதுவும் இல்லை. பார்க்க வேண்டிய சூட்டு முள் இல்லை, மிதிக்க வேண்டிய கிளட்ச் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தத் தெரு வழியாக அத்தனை ஜானவாசம் ஓட்டியும் நான் பார்க்காததையெல்லாம் பார்த்தேன். வாசலுக்கு வாசல் ஆரத்தித் தட்டோடு நிற்கிறவர்கள், மாடியிலிருந்து செல்போனை நீட்டுகிறவர்கள், ஈரத் தலையோடு ஓடி வந்து பாதியில் நின்றுவிட்ட ஒருத்தி. நாதஸ்வரக்காரர் என்ன வாசிக்கிறார் என்பதே அன்றுதான் என் காதில் விழுந்தது. நன்றாகத்தான் வாசித்தார்.

தெருக்காரர்களுக்கு அப்படியில்லை. அவர்கள் மாப்பிள்ளையைத் தேடினார்கள். ஒரு வீட்டு மாமி வாசற்படியில் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது: "எங்கேடி மாப்பிள்ளை? வண்டி மட்டும் காலியா வரதா?" நான் கூச்சத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல அங்கிள். மேல உக்காந்தா எல்லாரும் என்னையே பாப்பா. இதுதான் சுகம்."

மண்டபத்து வாசலில் மூன்றாவது வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கோடு நின்றார். குறை சொல்கிற மனிதர் இல்லை. வேட்டியை என் கையில் கொடுத்தார். "வண்டி நன்னா இருக்கு அண்ணாச்சி. மாப்பிள்ளையத்தான் காணல, கேட்டேளா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்கி நின்றேன். முட்டு வலிக்கவில்லை. வீடு வரை நடந்தாலும் நடந்திருப்பேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். கடையில் கேட்டதற்கு வேறு சாமான் எடுத்துக் கொடுத்தேன். பழைய வண்டியை வைத்துக்கொண்டால் தெருவுக்கு நல்லது, எனக்கு ஆகாது. புதியதை வாங்கினால் எனக்கு நல்லது, தெருவுக்கு உதவாது. பழையதையே வைத்துக்கொண்டு ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் மகன் விரும்பினது. மகனே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. துடைக்கிறது வேறு, ஓட்டுகிறது வேறு.

கடைசியில் என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான். தெருவுக்கு வேண்டியது மாப்பிள்ளை உட்கார ஒரு மேடு. எனக்கு வேண்டியது கிளட்ச் இல்லாமல் ஓட ஒரு வண்டி. தெருவுக்கான வண்டியும் எனக்கான வண்டியும் இவ்வளவு காலம் ஒன்றாகவே இருந்தன. இனிமேல் இரண்டாக இருக்கட்டும். இதில் துக்கப்பட என்ன இருக்கிறது?

அக்ரகாரத்துக் கல்யாணங்களுக்குச் சமையல், பந்தல், மேளம் எல்லாம் மொத்தமாகப் பேசி எடுக்கிற காண்டிராக்டர் ஒருவர் உண்டு. பழைய வண்டியை வாங்கிக்கொள்கிறீர்களா என்று நானே அவரிடம் போய்க் கேட்டேன். ஜானவாசத்துக்கு வண்டி தேடி அலைகிற தலைவலி ஒழியும் என்று உடனே சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தேன். அவருடைய டிரைவர் முதலில் என்னோடு பழகிக்கொள்ள வேண்டும். டிரைவர் நெடுமங்காட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். சாயங்காலங்களில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கியரை விழவைக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் கியர் பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தது. அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, இது வண்டியா, ஆட்டுக்கல்லா என்று மலையாளத்தில் கேட்டார். வாரம் போகப் போகச் சத்தம் குறைந்தது. இஞ்ச் மரைப் போல்ட் டின்களையும் வண்டியோடேயே கொடுத்தனுப்பினேன். கடையில் வேறு யாரும் அதைக் கேட்பதில்லை.

ஆக, மகளே, நீ வண்டியைக் காட்டினாய், அவ்வளவுதான். மகனே, அக்கா என்னை எதற்கும் வற்புறுத்தவில்லை. முட்டு ஒரு காரணம், ஆனால் முட்டு மட்டும் என்றால் நான் ஓட்டுவதையே நிறுத்தியிருப்பேன். நிறுத்த எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் மாற்றினேன். இப்போது காலையில் கடைக்கும் சாயங்காலம் வீட்டுக்கும் நானே ஓட்டிப் போகிறேன், இடது காலை மடித்து வைத்துக்கொண்டு. அம்மா எண்ணெய் தேய்ப்பது குறைந்திருக்கிறது. அவளைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய வண்டியை டிரைவர் எடுத்துக்கொண்டு போன அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். புதியதை ஷெட்டில் விடுவதற்குமுன் உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் ஒரு தகர ட்ரே கிடந்தது. பழைய வண்டியில் எப்போதும் ஆயில் சொட்டும், அதற்கு அடியில் வைத்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, ட்ரேயில் இருந்ததை ஒரு டப்பாவில் ஊற்றினேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மூலை வரை துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். எழுந்திருக்கப் பிடிமானம் ஒன்றும் இல்லை. வாசல் வரை நகர்ந்து போய், வெளியே நின்ற புதிய வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.